புதன்கிழமை மட்டும் ஏறிய பி.எச்.

வேலூர் வெயிலில் வெந்நீர்த் தொட்டியைப் பராமரிப்பது என் வேலை என்று சொன்னால் ஆம்பூரில் என் தெருவே சிரிக்கும். "வெளிய நின்னாலே வெந்துடுவோம், இதுல தொட்டி வேறயா?" என்பாள் பக்கத்து வீட்டு மல்லிகா. நம் கம்பெனியில் புதிதாகச் சேர்ந்திருக்கும் நீங்கள் ஆறு பேரும் வீட்டில் விஷயத்தைச் சொன்னபோது இப்படி ஏதாவது கேட்டிருப்பீர்கள். அவர்கள் சிரிக்கட்டும். இடுப்பு உடைந்து ஆறு மாதம் படுத்திருந்த ஒருவர் அந்தத் தண்ணீருக்குள் நின்று முதல் தடவை காலைத் தூக்கி வைப்பதைப் பார்த்துவிட்டால் உங்களுக்கே புரிந்துவிடும்.

ஓய்வு பெற்றவள் அனுபவத்தை எழுதித் தரட்டும் என்று கம்பெனியில் சொன்னார்கள். எத்தனை லிட்டருக்கு எவ்வளவு குளோரின், எவ்வளவு ஆசிட் என்பதெல்லாம் சுவரில் ஒட்டியிருக்கிற அட்டவணையில் இருக்கிறது. அதைப் படிக்கத் தெரிந்துதான் உங்களை எடுத்திருக்கிறார்கள். நான் எழுதப்போவது அந்த அட்டவணையைச் சரியாகப் படித்துவிட்டு நான் செய்த ஒரு தப்பைப் பற்றி. சொல்ல எனக்கு இஷ்டமே இல்லை. ஆனால் சொல்லாமல் மற்றதையெல்லாம் எழுதினால் அது வெறும் பீற்றலாகப் போய்விடும்.

முதலில் என்னைப் பற்றி. கெமிஸ்ட்ரி படித்தேன். இந்தக் கம்பெனிக்கு வருவதற்கு முன்னால் பத்தொன்பது வருடம் தோல் பதனிடும் டேனரி ஒன்றின் லேபில் இருந்தேன். அந்த லேபில் என் மூக்கு போய்விட்டது. சுண்ணாம்பு, சல்பைடு, பச்சைத்தோல் எல்லாம் சேர்ந்து அடிக்கிற இடத்தில் பத்தொன்பது வருடம் மூச்சு விட்டால் யாருக்குத்தான் மூக்கு இருக்கும்? இந்த வேலைக்கு வந்த புதிதில் ஒரு கெஸ்ட் ஹவுஸில், "ஒரு வாசனையும் இல்லையே, தண்ணி நல்லாத்தானே இருக்கு" என்று நான் சொல்ல, அங்கிருந்த மேனேஜர் கர்ச்சீப்பால் வாயை மூடிக்கொண்டு என்னை ஒரு பார்வை பார்த்தார். அன்றிலிருந்து வாசனை விஷயத்தில் மட்டும் பக்கத்தில் இருப்பவரைக் கேட்டுக்கொள்வேன். மற்ற எல்லாவற்றிலும் எனக்கு என் மேல் நம்பிக்கை ஜாஸ்தி. அதோடு கோபமும் ஜாஸ்தி. இரண்டும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதைத்தான் இனி பார்க்கப்போகிறீர்கள்.

டேனரியிலிருந்து நான் கொண்டுவந்தது செத்த மூக்கு மட்டும் இல்லை. ஒரு பழக்கமும் வந்தது. அங்கே பெரிய மர டிரம்முக்குள் தோலைப் போட்டு ஆசிட் தண்ணீரில் சுற்றவிடுவோம். கடைசிக் கட்டத்தில் சோடாவைக் கரைத்து, கொஞ்சம் கொஞ்சமாக, மணிக்கணக்கில் விட வேண்டும். அப்போதுதான் புளிப்பு குறைந்து பி.எச். மெல்ல ஏறும். அவசரக்காரன் எவனாவது இருந்தால், சீக்கிரம் வீட்டுக்குப் போக வேண்டுமென்று மொத்தச் சோடாவையும் ஒரே தடவையில் கொட்டிவிடுவான். தோல் சொரசொரவென்று பாழாகிவிடும். யாரைக் கேட்டாலும் "நான் இல்ல மேடம்" என்பார்கள். அதனால் டேனரிக்காரர்களான எங்களுக்கு ஒரு சட்டம் உண்டு. பி.எச். தானாக ஏறாது. ஏறியிருந்தால் யாரோ கை வைத்திருக்கிறார்கள். எண்ணைப் பார்த்ததும் அடுத்து ஆளைத்தான் தேடுவோம். டிரம்மைப் பொறுத்தவரை இந்தச் சட்டம் ஒரு நாளும் என்னைக் கைவிட்டதில்லை.

இனி விஷயத்துக்கு வருகிறேன். வேலூரிலிருந்து கணியம்பாடி போகும் சாலையில் ஒரு பிசியோதெரபி இல்லம் நம் பராமரிப்பில் இருந்தது. எலும்பு ஆபரேஷன் முடிந்தவர்கள் பயிற்சிக்கு வருவார்கள். ஒரே ஒரு ஹாட் டப். ஆறு பேர் உட்காரலாம். அடியிலிருந்து காற்றுக் குமிழி விடும் புளோயர் உண்டு. அதை நடத்தியவர் ஒரு டாக்டரம்மா. கறாரானவர், நியாயமானவர். தொட்டியைப் பார்த்துக்கொண்டது நசீமா. முப்பத்தெட்டு வயதிருக்கும். வேலூர் கஸ்பாவில் வீடு. நோயாளிகளைக் கைப்பிடித்து இறக்குவது, ஏற்றுவது, காலையில் ரீடிங் எடுத்து ரிஜிஸ்டரில் எழுதுவது, நான் சொன்ன அளவில் மருந்து போடுவது எல்லாம் அவள்தான். நான் வாரத்தில் இரண்டு நாள் போய்ப் பார்ப்பேன்.

நசீமாவின் கணவர் மண்டியில் தோல் லோடு இறக்குகிறவர். உப்புத்தோல் கட்டு சரிந்து மேலே விழுந்து இடுப்பு உடைந்தது. ஆபரேஷன் செய்தார்கள். அதற்குப் பிறகான பயிற்சிக்குக் கொடுக்க அவர்களிடம் வழி இல்லை. நசீமா அங்கே வேலை செய்கிறாள் என்பதால் டாக்டரம்மா ஒரு சலுகை தந்திருந்தார். புதன்கிழமை சாயங்காலம், எல்லா நோயாளிகளும் போன பிறகு, அவர் தொட்டியில் இறங்கிக்கொள்ளலாம். அரை மணி நேரம். புளோயர் பத்து நிமிஷம். மற்றவர்களுக்கு என்ன விதியோ அதுவே. வாக்கரைப் பிடித்துக்கொண்டு வந்த மனிதர், மூன்று மாதத்தில் ஒற்றைக் கைத்தடிக்கு மாறியிருந்தார். அவரைப் பாய் என்றுதான் கூப்பிடுவோம். பாயைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கே சந்தோஷமாக இருக்கும். அவள் வேலை அங்கே இருக்கிற வரைக்கும்தான் அவருக்கு அந்தத் தண்ணீர் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

இப்படி இருக்கும்போது ஒரு ரிட்டயர்டு ஹெட்மிஸ்டிரசுக்குத் தொடையெல்லாம் சிவப்பாகக் கொப்புளம் வந்தது. முட்டி ஆபரேஷன் செய்துகொண்டவர். நல்லவேளை, ஆபரேஷன் செய்த இடத்துக்குப் பரவவில்லை. பரவியிருந்தால் முட்டியையே திரும்பத் திறக்க வேண்டியிருக்கும். டாக்டரம்மா உடனே எனக்குப் போன் செய்தார். "இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா தொட்டியை மூடிடுவேன். என்ன ஆச்சுன்னு எனக்குத் தெரியணும்."

ஓடினேன். ரிஜிஸ்டரை எடுத்து இரண்டு மாதத்தையும் வரிசையாகப் பார்த்தேன். குளோரின் எல்லா நாளும் சரியாக இருந்தது. பி.எச். மட்டும் ஒரு வேடிக்கை காட்டியது. மற்ற நாட்களில் ஏழரை, ஏழே முக்கால். வியாழக்கிழமை காலையில் மட்டும் எட்டைத் தாண்டி எட்டேகால். அன்றைக்கு ஆசிட் போட்டதும் இறங்கிவிடும். அடுத்த வியாழன் திரும்ப எட்டேகால். உங்களுக்குத் தெரியும், பி.எச். அப்படி ஏறினால் தண்ணீரில் குளோரின் இருந்தும் கிருமி சாகாது. காவல்காரன் வேலைக்கு வந்துவிட்டுத் தூங்குகிற மாதிரிதான். ஹெட்மிஸ்டிரஸ் தொட்டியில் இறங்கியதும் வியாழக்கிழமை காலை.

புதன் சாயங்காலம் யார் இருக்கிறார்கள்? நசீமாவும் அவள் கணவரும்.

அந்த நிமிஷமே என் மண்டைக்குள் எல்லாம் முடிந்துவிட்டது. இரண்டு வாரத்துக்கு முன்னால் நசீமா என்னிடம் வந்து, "அவருக்குத் தண்ணி பட்டா தையல் போட்ட எடத்துல எரியுதாம் மேடம். ஆசிட் கொஞ்சம் கம்மி பண்ணலாமா?" என்று கேட்டிருந்தாள். முடியாது என்று சொல்லியிருந்தேன். சரி, நான் கம்மி பண்ணவில்லை என்றதும் இவளே சோடாவைப் போட்டு எரிச்சலைக் குறைக்கிறாள். இதுதான் என் முடிவு. தொட்டி அறைக்குப் பக்கத்தில் அவள் சாப்பாட்டுப் பை வைக்கிற அலமாரி இருந்தது. திறக்கச் சொன்னேன். டிபன் பாக்ஸுக்குப் பின்னால் ஒரு ஆப்ப சோடா பாக்கெட். பாதி காலி.

"இது இன்னாத்துக்கு?" என்றேன்.

"டீ பிளாஸ்க் கழுவ மேடம். கறை புடிச்சிக்குது, சோடா போட்டாதான் போவுது."

"தொட்டில போட்டியா?"

"இன்னா மேடம் சொல்றீங்க? நான் ஏன் தொட்டில போடப்போறேன்?"

"புதன்கிழமை சாயங்காலம் எவ்ளோ நேரம் பாய் உள்ள இருக்காரு?"

அவள் புடவைத் தலைப்பைப் பிடித்துத் திருகினாள். "அரை மணி நேரம்தான் மேடம்" என்றாள். பொய் என்று முகத்தில் எழுதியிருந்தது. பொய் சொல்கிறவளை எனக்குத் தெரியாதா? பத்தொன்பது வருடமாக டிரம் ஆட்களின் முகத்தைப் பார்த்தவள் நான். "அல்லா சத்தியமா நான் ஒண்ணும் போடல மேடம்" என்று அவள் அழ ஆரம்பித்தபோது, அந்த அழுகையும் எனக்குச் சாட்சியாகத்தான் தெரிந்தது. டீ பிளாஸ்க் அதே அலமாரியில்தான் இருந்தது. அதைத் திறந்து உள்ளே பார்க்க எனக்குத் தோன்றவில்லை.

டாக்டரம்மாவிடம் ரிஜிஸ்டரை விரித்துக் காட்டினேன். "பாருங்க டாக்டர். எட்டு வாரம், எட்டு வியாழக்கிழமை. எண் பொய் சொல்லாது." அவர் நீண்ட நேரம் பார்த்தார். நசீமாவைக் கூப்பிட்டு, நாளையிலிருந்து வர வேண்டாம் என்று சொன்னார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. நசீமா அலமாரியிலிருந்து பையை எடுத்துக்கொண்டு, என் பக்கம் திரும்பாமல் போய்விட்டாள். ஆட்டோ நிறுத்தத்துக்கு அவள் நடப்பதை ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்குக் கொஞ்சமும் உறுத்தவில்லை. ஒரு நோயாளியின் முட்டியைக் காப்பாற்றிவிட்டோம் என்ற திருப்திதான் இருந்தது.

வேறு ஆள் கிடைக்கிற வரைக்கும் தொட்டியை நானே பார்த்துக்கொள்வதாக ஒப்புக்கொண்டேன். தினமும் ஆம்பூரிலிருந்து பஸ் பிடித்து வந்தேன். மருந்து அலமாரிச் சாவியும் தொட்டி மூடியின் சாவியும் என் கைப்பையில். அந்த வாரம் புதன்கிழமை பாய் வரவில்லை. வியாழக்கிழமை காலை ரீடிங் ஏழரை. "பார்த்தீங்களா?" என்று டாக்டரம்மாவிடம் காட்டினேன். இந்த இடத்தைக் கொஞ்சம் நிறுத்திப் படியுங்கள். தப்பான முடிவுக்கு வந்தவளுக்குச் சரியான ரீடிங் கிடைத்தால் அதைவிட மோசமான விஷயம் வேறு கிடையாது. அன்றைக்கு மட்டும் எட்டேகால் காட்டியிருந்தால் நசீமா மறுநாளே வேலைக்குத் திரும்பியிருப்பாள்.

அதற்கு அடுத்த வாரம் சனிக்கிழமை, வேறு ஊர் மருத்துவமனையிலிருந்து ஏழெட்டுப் பேர் தொட்டியைப் பார்க்க வந்தார்கள். அவர்களும் ஒன்று வைக்கப்போகிறார்களாம். டாக்டரம்மா காலையிலிருந்து மத்தியானம் வரை புளோயரை ஓடவிட்டு, எங்கே நிற்க வேண்டும், எப்படிக் காலைத் தூக்க வேண்டும் என்று காட்டிக்கொண்டிருந்தார். அவர்கள் போனதும் நானே மூடியைப் போட்டுப் பூட்டினேன். ஞாயிறு லீவு. திங்கட்கிழமை காலை வந்து திறந்து ரீடிங் எடுத்தேன்.

எட்டு புள்ளி மூன்று.

மீட்டர் கெட்டுப்போய்விட்டது என்று நினைத்தேன். இன்னொரு மீட்டரில் பார்த்தேன். அதிலும் அதே. அடுத்து எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? தோட்டக்காரர் ஏழுமலை மேல் சந்தேகம். பாருங்கள் என் புத்தியை! அவர் செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டு இருந்தார். நேராகப் போய், "தொட்டி ரூமுக்குள்ள போனீங்களா?" என்று கேட்டேன்.

"நான் இன்னாத்துக்கு மேடம் அங்க போறேன்? சாவி உங்க கைல கீது" என்றார். பிறகு குழாயை மண்ணில் போட்டுவிட்டு, "சனிக்கிழமதான் பூராவும் அதைக் கொதிக்க வச்சிக்கினு இருந்தாங்களே, அதுல எதுனா ஆயிடுச்சோ இன்னாவோ" என்றார்.

கொதிக்க வைத்தது என்று அவர் சொன்னது குமிழியை.

நான் அங்கேயே படியில் உட்கார்ந்துவிட்டேன். மருந்து அலமாரியைத் திறந்தவள் நான் ஒருத்திதான். பூட்டியதும் நான். என் சட்டப்படி பார்த்தால் கை வைத்தது நானாகத்தான் இருக்க வேண்டும். நான் வைக்கவில்லை என்பது எனக்குத் தெரியும். நசீமாவுக்கும் அப்படித்தானே தெரிந்திருக்கும் என்று முதல் தடவையாக எனக்குள் ஒரு பயம் வந்தது.

வரவேற்பறையில் ஒரு மீன் தொட்டி இருந்தது. அதில் காற்று விடுகிற சின்ன மோட்டாரைக் கழற்றினேன். "மீன் செத்துடும் மேடம்" என்று ஏழுமலை பின்னாலேயே வந்தார். "மூணு மணி நேரம்தான், சாகாது" என்றேன். ஹாட் டப்பில் ஆசிட் போட்டு ஏழரைக்குக் கொண்டுவந்து, அதிலிருந்து இரண்டு பக்கெட் தண்ணீர் மொண்டேன். ஒன்றைச் சும்மா வைத்தேன். இன்னொன்றில் மோட்டாரின் குழாயைப் போட்டுக் குமிழி விட்டேன். வேறு எதையும் தொடவில்லை. பக்கத்திலேயே ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டேன், சாப்பிடக்கூடப் போகவில்லை. ஏழுமலை நடுநடுவே வந்து மீன்களின் சார்பாக எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

மத்தியானம் ரீடிங் எடுத்தேன். சும்மா இருந்த பக்கெட் ஏழரையிலேயே இருந்தது. குமிழி விட்ட பக்கெட் எட்டு புள்ளி இரண்டு.

கெமிஸ்ட்ரி படித்தவளுக்கு அதற்கு மேல் யாரும் சொல்ல வேண்டியதில்லை. கோலி சோடாவைத் திறந்து வைத்துவிட்டு மறந்துபோனால் அந்தச் சுரீர் என்கிற புளிப்பு போய்விடும் இல்லையா, அதுவேதான். நம் பக்கத்து போர் தண்ணீர் பருப்புகூட வேகாத தண்ணீர். அதில் ஆல்கலினிட்டி, அதாவது கரைந்து நிற்கிற காரச்சத்து, ஏகப்பட்டது. நாம் ஆசிட் போடும்போது அது கரியமில வாயுவாகக் கரைந்து நிற்கிறது. அந்த வாயு உள்ளே இருக்கிற வரைக்கும் பி.எச். இறங்கியே இருக்கும். புளோயரைப் போட்டு ஒரு மணி நேரம் கலக்கினால் வாயு வெளியே போய்விடும், பி.எச். ஏறிவிடும். யாரும் கை வைக்க வேண்டாம், காற்றே போதும். மூடிய டிரம்முக்குள் சுற்றும் டேனரித் தண்ணீரில் இதைப் பார்க்கவே முடியாது. அதனால் பத்தொன்பது வருடத்தில் எனக்கு இது ஒரு தடவைகூடத் தட்டுப்படவில்லை.

புதன்கிழமை சாயங்காலம் அவள் எதை மறைத்தாள் என்பதும் அப்போது விளங்கிவிட்டது. பாய் உள்ளே இருந்தது அரை மணி நேரம் இல்லை. புளோயர் ஓடியது பத்து நிமிஷமும் இல்லை.

மீன் மோட்டாரைத் திரும்ப மாட்டிவிட்டு, அன்று சாயங்காலமே கஸ்பாவுக்குப் போனேன். கதவைத் திறந்த நசீமா வாசலை மறித்துக்கொண்டு நின்றாள். உள்ளேயிருந்து பாய்தான், "யாரு? மேடமா? உள்ள கூப்புடும்மா" என்றார். உள்ளே போனேன். அவர் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். கட்டிலுக்குப் பக்கத்தில் வாக்கர் நின்றது. கைத்தடி மூலையில் சாத்தியிருந்தது. இரண்டு புதன்கிழமைகள்தான் போயிருந்தன.

"நசீமா, நீ சோடா போடல. எனக்குத் தெரிஞ்சு போச்சு" என்றேன்.

"அத நான் அன்னிக்கே சொன்னேனே மேடம்" என்றாள்.

தப்பு என்னுடையது என்றேன், மன்னித்துவிடு என்றேன். வாழ்க்கையில் அந்த வார்த்தையை நான் அதிகம் பேரிடம் சொன்னது கிடையாது. வாயில் சரியாக வரக்கூட இல்லை. பக்கெட் விஷயத்தைச் சொன்னேன். குமிழி என்றதும் அவள் முகம் மாறியது. பாயைப் பார்த்தாள். பாய் தலையைக் குனிந்துகொண்டார்.

"நான்தான் மேடம்" என்றார். "வலி புடிச்சிக்கும். குமிழி அடிச்சா கொஞ்சம் லேசாவும். இன்னும் கொஞ்ச நேரம், இன்னும் கொஞ்ச நேரம்னு இவளை நான்தான் பேஜார் பண்ணேன். ஒரு மணி நேரம்கூட ஆயிருக்கு."

"அப்ப அந்த டீச்சரம்மாவுக்குக் கொப்புளம் வந்தது என்னாலயா மேடம்?" என்றாள் நசீமா. அவள் கண்ணில் இருந்த பயத்தைப் பார்த்தேன். என்னைத் திட்டுவாள் என்று எதிர்பார்த்து வந்திருந்தேன், இவளோ அந்த அம்மாவை நினைத்துக் கலங்கிக்கொண்டிருந்தாள்.

"இல்ல" என்றேன். "தண்ணில ஆல்கலினிட்டி அவ்ளோ ஏறவிட்டது நான். அதைச் சரியா வச்சிருந்தா ஒரு மணி நேரம் இல்ல, ரெண்டு மணி நேரம் ஓட்டினாலும் இப்படி ஏறாது." இது சமாதானத்துக்குச் சொன்னது இல்லை. ஒவ்வொரு வியாழனும் ஆசிட் போட்டு எண்ணை மட்டும் இறக்கிக்கொண்டிருந்தேனே தவிர, எண் ஏன் ஏறுகிறது என்று அடிக்குப் போய்ப் பார்க்கவில்லை. அந்த வேலைக்குத்தான் எனக்குச் சம்பளம்.

ஆனால் ஒரு சிக்கல் இருந்தது. நசீமா சோடா போடவில்லை என்று டாக்டரம்மாவிடம் நிரூபிக்க வேண்டுமானால் குமிழியைச் சொல்ல வேண்டும். குமிழியைச் சொன்னால், புதன்கிழமை மட்டும் ஏன் அவ்வளவு குமிழி என்று கேட்பார். விதியை மீறியது வெளியே வரும். வேலை திரும்பக் கிடைத்தாலும் பாயின் சலுகை போகலாம். அந்த வாக்கர் அங்கேயே நின்றுவிடலாம். அவர்களைக் கேட்காமல் இதில் ஒரு முடிவுக்கு வர எனக்குத் தைரியம் இல்லை. ஏற்கெனவே ஒரு முடிவு நானாக எடுத்தது போதும்.

"நீ வேணாம்னா பாய் விஷயத்தைச் சொல்லல. வேற ஏதாவது காரணம் சொல்லிப் பாக்கறேன்" என்றேன்.

பாய் ஏதோ சொல்ல வாயெடுத்தார். நசீமா கையைக் காட்டி நிறுத்தினாள்.

"ரெண்டையும் சொல்லுங்க மேடம். செஞ்சதுக்குத் திட்டு வாங்கிக்கிறேன். செய்யாததுக்கு என்னால முடியல. இந்த ரெண்டு வாரமா தெருவுல தலைய நிமிந்து நடக்கல நான்."

மறுநாள் காலை டாக்டரம்மா முன்னால் நின்றேன். எல்லாவற்றையும் சொன்னேன், ஏழுமலையைச் சந்தேகப்பட்டது உட்பட. அவர் பேனாவை மேசையில் வைத்துவிட்டு, "எண் பொய் சொல்லாதுன்னு நீங்கதானே மேடம் சொன்னீங்க?" என்றார்.

"எண் சரிதான் டாக்டர். அது சொல்லாததை நான் சேர்த்துச் சொல்லிட்டேன்."

அவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "நானும்தானே அவளைப் போகச் சொன்னேன்" என்று சொல்லிவிட்டு போனை எடுத்து நசீமாவிடம் அவரே பேசினார். அன்று மத்தியானமே அவள் வந்தாள். நேரம் மீறியதற்கு நல்ல திட்டு விழுந்தது. கதவுக்கு வெளியே எனக்கே கேட்டது. சலுகையை நிறுத்தவில்லை. புதன்கிழமை அரை மணி என்பதை வெள்ளிக்கிழமையும் சேர்த்து இரண்டு நாளாக்கினார். "வலி இருந்தா என்கிட்ட சொல்லணும். குமிழிகிட்ட இல்ல" என்றார்.

தண்ணீரைச் சரிசெய்ய நான்கு நாள் ஆனது. ஆசிட் போட்டு இறக்குவது, புளோயர் விட்டு ஏற்றுவது, திரும்ப இறக்குவது என்று ஆல்கலினிட்டியைப் படிப்படியாகக் கீழே கொண்டுவந்தோம். அதற்கு அப்புறம் எந்தப் புதன்கிழமையும் எந்த வியாழக்கிழமையும் பெரிதாக எதுவும் காட்டவில்லை. ஹெட்மிஸ்டிரஸ் கொப்புளம் ஆறி, பயிற்சியை முடித்துக்கொண்டு போனார். பாய் இரண்டு மாதத்தில் வாக்கரை விட்டுவிட்டுக் கைத்தடிக்கு வந்தார்.

இனிமேல் உங்களுக்கு ஒன்று சொல்லலாம் என்று நினைக்கிறேன். ரீடிங் மாறியிருந்தால் முதலில் தண்ணீரைக் கேளுங்கள், காற்றைக் கேளுங்கள், சூட்டைக் கேளுங்கள். இரண்டு பக்கெட் வைத்துப் பாருங்கள். அதற்கு ஒரு மத்தியானம் போதும். ஆளைக் கேட்பதைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். கேட்டாலும் குற்றவாளியைக் கேட்கிற மாதிரி கேட்காதீர்கள். ஒருவர் எதையோ மறைக்கிறார் என்று தெரிந்தால், நீங்கள் தேடுகிறதைத்தான் மறைக்கிறார் என்று நினைத்துவிடாதீர்கள். முன்னால் செய்த வேலையில் உங்களுக்கு எந்தச் சட்டம் நன்றாக உதவியதோ அதன் மேல்தான் சந்தேகம் அதிகமாக இருக்க வேண்டும். அட்டவணையில் இதெல்லாம் இல்லை.

இதோடு முடித்திருப்பேன். ஆனால் அது முழு உண்மை ஆகாது.

திரும்பி வந்த பிறகு நசீமா என்னிடம் மரியாதைக் குறைவாக ஒரு வார்த்தை பேசியதில்லை. டீ கொடுப்பாள், பஸ் நேரம் சொல்வாள், பாய் விஷயம் சொல்வாள். ஆனால் தொட்டியில் எதைப் போடுவதாக இருந்தாலும் யாராவது ஒருவரைக் கூப்பிட்டுப் பக்கத்தில் நிற்க வைத்துக்கொள்வாள். ஏழுமலையோ, காத்திருக்கிற நோயாளியின் மகளோ, கூரியர் கொண்டு வந்தவரோ, யாராக இருந்தாலும் சரி. டப்பாவை அவர்கள் முகத்துக்கு நேரே காட்டி, "பாருங்க, இதான் போடறேன், இவ்ளோதான்" என்பாள். அவர்களுக்கு ஒன்றும் புரியாது. தலையை ஆட்டிவிட்டுப் போவார்கள். நாளாக நாளாகச் சரியாகிவிடும் என்று நினைத்தேன்.

இரண்டு வருடம் கழித்து, ஓய்வு பெறுகிற வாரத்தில், கடைசியாக ஒரு தடவை அங்கே போனேன். காலை ஏழு மணி. நோயாளிகள் யாரும் வரவில்லை. நசீமா ரீடிங் எடுத்து எழுதினாள். ஆசிட் கொஞ்சம் போட வேண்டியிருந்தது. அளவுக் குவளையில் ஊற்றினாள். ஊற்றிவிட்டு, தொட்டியில் விடாமல், கையில் பிடித்துக்கொண்டே வாசல் பக்கம் பார்த்தபடி நின்றாள்.

"போடு நசீமா. நான்தான் இருக்கேனே, பாக்கறேன் இல்ல?" என்றேன்.

"நீங்க இருக்கீங்க மேடம்" என்றாள், சிரித்த முகமாகத்தான். "அதான் இன்னொருத்தர் வரட்டும்னு பாக்கறேன்."

நான் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய் ஏழுமலையைக் கூட்டி வந்தேன்.